நைல் கரைப் புடவை

ஓவியம் படித்து முடித்தபோது பெரிய ஓவியராகப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியறையில் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் மாங்காய் வரைந்துகொண்டிருந்தேன். மாங்காய் அலுத்தால் அன்னம், அன்னம் அலுத்தால் மயில், அப்புறம் மறுபடியும் மாங்காய். நான் போட்டுக் கொடுப்பது காஞ்சிபுரத்துக்குப் போகும். அங்கே அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டுத் தறியில் ஏற்றுவார்கள். சில மாதத்தில் அது புடவையாகக் கீழ்த்தளத்துக்கு வந்து சேரும்.

முதலாளி வாரம் ஒரு முறை மாடிக்கு வருவார். தாள்களைப் புரட்டிவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்.

"புதுசா ஏதாவது போடும்மா. ஆனா பழசு மாதிரி இருக்கணும்."

மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள கோபுரங்களை எல்லாம் ஏற்கெனவே யாரோ வரைந்து, யாரோ கட்டிக் கிழித்தும் விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் கூடப் படித்த தோழி ஒருத்தி அடையாற்றில் ஒரு நூலகம் இருப்பதாகச் சொன்னாள். ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய பங்களா. வாசலில் பெரிய மழைமரம். உள்ளே போனால் வெளியே ஓடும் பஸ் சத்தம்கூடக் கேட்காது. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், நடுவயதைத் தாண்டிய ஓர் அம்மையார் அங்கே நூலகர். யார் வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்வார். நகத்தைப் பார்ப்பார்.

"கை கழுவிட்டு வாங்க. பேனா வெளியில. பென்சில் போதும். என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"கோயில் கலை, மேடம்," என்றேன். பொய்யில்லை.

"ஆராய்ச்சியா?"

நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

நம்மூர்க் கோயில்களைப் பற்றிய புத்தகங்களைத்தான் எனக்குக் கொடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அலுத்துப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தபோது, கீழ்த்தட்டில் படுக்கவைத்திருந்த சில பெரிய புத்தகங்கள் கண்ணில் பட்டன. நிற்க வைத்தால் என் இடுப்பு வரை வரும்போல இருந்தன. அது என்ன என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. பலகாலமாக யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தவரைப் போல எழுந்தார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒன்றை மேஜைக்குத் தூக்கி வந்தோம்.

எகிப்தின் பழைய கோயில்களை ஒரு ஐரோப்பிய ஓவியர் வருஷக்கணக்காக அங்கேயே தங்கிச் சுவர் சுவராகப் பார்த்து வரைந்த படங்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால், கல்லில் மை தடவி ஒவ்வொரு நிறமாக அச்சிட்டவை. பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய தாள் போர்த்தியிருந்தது. அதை விலக்கினால் நீலம் கண்ணைப் பறித்தது. மொட்டும் பூவுமாக மாறி மாறித் தாமரை வரிசை. கூரை முழுக்க நட்சத்திரம். சுவரின் உச்சியில், தலையில் சூரியனைச் சுமந்துகொண்டு வரிசையாகப் படமெடுத்து நிற்கும் நாகங்கள்.

"இதுல பாதிச் சுவர்ல இப்ப நிறமே கிடையாது," என்றார் நூலகர். "சில சுவரே கிடையாது. இந்தப் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு."

எனக்கு அந்தச் சோகம் உறைக்கவில்லை. அந்த நாக வரிசை சரியாக ஒரு சாண் பார்டருக்குள் அடங்கும் என்பதுதான் தோன்றியது. முதலாளி கேட்டது இதுவேதான். இதைவிடப் பழசு எங்கே கிடைக்கும்? சென்னையில் இதைவிடப் புதுசும் கிடையாது.

மேலே தாள் வைத்து நகல் எடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். தள்ளி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கட்டத்தில் போட்டேன். முந்தானைக்கு ஒரு பெரிய பறவையை எடுத்துக்கொண்டேன். இரண்டு சிறகையும் அகல விரித்துக் கோயில் கூரையிலிருந்து கீழே பார்க்கும் பறவை. இறகு இறகாக ஜரிகைக்கென்றே பிறந்ததுபோல இருந்தது.

முதலாளி வரைபடத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"விளக்கு வரிசையா?"

"கிட்டப் பார்த்தா நாகம் சார்."

"எங்கே புடிச்சே?"

"கோயில்ல, சார். கூரைக்குக் கீழே."

"முந்தியில கருடனா?"

"அந்த மாதிரிதான் சார்."

நாகமும் கருடனும் ஒரே புடவையில் சண்டை போடாதா என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, நீல உடல் வேண்டாம், அரக்கில் போடு, பச்சைக் கரை, என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புடவை வந்து இறங்கியது. கீழே விற்பனைப் பகுதியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர். வாடிக்கையாளரிடம் தேன்போலப் பேசுவார், எங்களிடம் அவர் ஊர்ப் பேச்சு. புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது, கரை பூரா பாம்பு கீது? யாரு வாங்குவா?"

"நாகம்ணே. கோயில் டிசைன்."

"நாகமா? அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

அன்று மாலையே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். நான் படியில் இறங்கி வரும்போது, மயிலாப்பூர் மாமி ஒருவர் முன்னால் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாகதோஷத்துக்கு ரொம்ப விசேஷம்மா. பழைய கோயில்லேர்ந்து எடுத்த அச்சு." மாமி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அந்த நாகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நான் படியேறித் திரும்பிப் போய்விட்டேன். சிரிப்பை அடக்க வேறு வழியில்லை.

அடுத்த மாதம் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதே மாமி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டில் பழமும் கல்கண்டும். விற்பனைக்காரர் கதவோரம் நின்றிருந்தார்.

"நீதான் போட்டியாடிம்மா?" என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு நாகதோஷம். வந்த வரனெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிண்டிருந்தது. இந்தப் புடவையைக் கட்டிண்டு ஒக்காந்தா. வந்தவா ஆத்துக்குப் போய்ச் சேர்ந்த கையோட சம்மதம்னு போன் வந்துடுத்து. அந்தக் கோயிலுக்கு வந்து அர்ச்சனை பண்றதா வேண்டிண்டிருக்கேன். எந்தக் கோயில்னு சொல்லு."

முதலாளி பெருமையோடு என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. எங்கே இருக்கு?"

"கொஞ்சம் தூரம் சார்."

"தூரம்னா, திருநெல்வேலிப் பக்கமா?"

"அதுக்கும் தள்ளி."

"நாகர்கோயில்," என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "பேர்லயே கீதே சார்."

"அங்கேயிருந்தும் கடல் தாண்டணும் சார்," என்றேன்.

"இலங்கையா?"

"எகிப்து."

விற்பனைக்காரர் கூரையைப் பார்த்தார். முதலாளிக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் வியாபாரி. அவருக்கு வந்தது கேள்வி.

"அங்கே பூஜை நடக்குதா?"

"நின்னு போய் ரொம்பக் காலமாச்சு சார்."

"கோயிலாவது நிக்குதா?"

"பாதி நிக்குது."

மாமி என் கையை விடவில்லை. "சுவாமி பேர் என்ன?"

"எனக்குச் சரியாத் தெரியாது மாமி. புஸ்தகத்துல இருக்கு."

"அப்போ புஸ்தகத்தைக் காட்டு."

மறுநாள் மாமி புடவைப் பெட்டியோடு ஆட்டோவில் அடையாற்றுக்கு வந்து இறங்கினார். நூலகர் வழக்கம்போலக் கையை நீட்டச் சொல்லி, கழுவிவிட்டு வரும்படி சொன்னார். நான் பயந்தேன். மாமிக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"நன்னா மடியா வெச்சிண்டிருக்காளே," என்றார் என்னிடம்.

நூலகர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஆராய்ச்சி எந்த அளவுல இருக்கு?"

"ஆராய்ச்சியா?" என்றார் மாமி. "புடவைன்னா போட்டிருக்கா."

பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து நீட்டினார். நூலகர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு கட்டம் அளவுக்குச் சுருங்கிப்போனேன். ஆனால் அவர் கை ஏற்கெனவே புடவையை வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பெரிய புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். மேஜையில் படத்தை விரித்தோம். பக்கத்து மேஜையில் புடவை.

"சூரியன் சின்னதாப் போச்சு," என்றார் நூலகர்.

"கட்டம் பத்தலை மேடம்."

"பச்சையும் தப்பு. ஆனா பாம்பு சரியாத்தான் வந்திருக்கு." குரலில் கோபம் குறைந்திருந்தது. மாமியிடம் சொன்னார்: "இது ராஜாவோட நெத்தியிலயும் இருக்கும். எதிரி வந்தா நெருப்பைக் கக்கும்னு அவங்க நம்பிக்கை."

"காவல் தெய்வம்," என்று மாமி தலையாட்டினார். "முந்தானையில இருக்கறது கருடன்தானே?"

நான் நூலகரைக் கண்ணால் கெஞ்சினேன். அவருக்கு அந்த மொழி தெரியாது.

"கழுகு."

"கழுகா?"

"பிணந்தின்னிக் கழுகு."

பெண் பார்க்கும் அன்று அந்தக் கழுகைத் தோளில் போட்டுக்கொண்டு பெண் காபி கொடுத்ததை மாமி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டு வரலாமா என்று யோசித்தேன். புத்தகத்துக்குப் பக்கத்தில் தண்ணீருக்கும் அனுமதி கிடையாது.

"அவங்களுக்கு அது தாய்த் தெய்வம்," என்றார் நூலகர். "சிறகை விரிச்சுப் பிள்ளையைக் காப்பாத்தறா. அதான் கூரையில வரைஞ்சிருக்காங்க."

மாமி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஓடியது.

"திருக்கழுக்குன்றத்துல மலை மேல கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடறதே. நான் கைகூப்பிண்டு நின்னிருக்கேன். அதுவும் இந்த ஜாதிதானே?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கழுகுக்கு இங்கிலீஷ்ல பேரே எகிப்தியக் கழுகு," என்றார் மெதுவாக.

மாமி எழுந்து புடவையை மடிக்கத் தொடங்கினார். "அப்போ என்ன யோசனை? எகிப்துக்கு நான் எங்கே போறது? அவளே இங்கே வந்துண்டிருக்கா. வர வெள்ளிக்கிழமை போவோம். நீங்களும் வாங்கோ."

நூலகர் வர மாட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை டாக்ஸியில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர்.

மலைப்படியில் மாமி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். உச்சி வெயிலில் பாறை கொதித்தது. குருக்கள் பொங்கல் பாத்திரத்தோடு பாறையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே கழுகு சரியாக வருவதில்லை, வந்தால் உண்டு என்றார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் இறங்கிப் போன பிறகு, நூலகர்தான் முதலில் பைனாகுலரை உயர்த்தினார். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக ஒரே ஒரு கழுகு வந்து இறங்கியது. நடையைப் பார்த்தால் வாத்து. பொங்கலைத் தின்றது, அலகைப் பாறையில் இருபுறமும் துடைத்துக்கொண்டது.

மாமி அவசரமாகப் பெட்டியின் மூடியைத் திறந்து, முந்தானையை அந்தப் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கோம்மா," என்றார்.

கழுகு பார்த்ததாகத்தான் எனக்கும் தோன்றியது.

"படத்துல இருக்கறது வேற இனம்," என்று நூலகர் என் காதருகே முணுமுணுத்தார். மாமிக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா தங்கையா இருக்கும்," என்றார் மாமி, மூடியைச் சாத்திக்கொண்டே.

கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு வழக்கப்படி ஒன்பது கஜம்; அதற்கு முன்னால் ஊஞ்சலுக்கு அந்தப் புடவைதான் என்று மாமி தீர்மானமாக இருந்தார். பெண் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தர் குனிந்து கரையைப் பிடித்துப் பார்த்தார். நானும் நூலகரும் தூணோரம் நின்றிருந்தோம்.

"இது என்ன பார்டர், பார்த்ததே இல்லையே?"

"கோயில் பார்டர்," என்றார் மாமி.

"எந்தக் கோயில்?"

"நதிக்கரைக் கோயில். ரொம்பப் பழசு. நம்ம தஞ்சாவூரெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது."

"நாங்களும் ஒரு தடவை போகணுமே."

"இப்போ பூஜை இல்லை. வெள்ளைக்காரா நிறையப் பேர் வந்து பார்த்துட்டுப் போறா."

ஒரு வார்த்தை பொய்யில்லை. நூலகர் வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

ஊஞ்சல் முடிந்து பெண் உடை மாற்றப் போனபோது, நகையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். அவள் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அம்மாவைப்போலவே கண்ணில் ஒரு குறும்பு.

"அம்மா இதை நாகம் பண்ணின வேலைன்னு நினைச்சிண்டிருக்கா," என்றாள் தோளில் குத்திய பின்னைக் கழற்றிக்கொண்டே. "பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு எல்லாரும் டிகாக்ஷனைப் பத்திப் பேசிண்டிருந்தப்போ, அவர் மெதுவா என் பக்கம் குனிஞ்சு, புடவையில இருக்கறது பாம்பான்னு கேட்டார். ஆமா, கடிக்கும்னேன். சிரிச்சுட்டார். காபி மூக்குல ஏறி ரொம்ப நேரம் இருமினார். அவ்ளோதான் நடந்தது."

"அம்மாகிட்டே சொல்லலையா?"

"எதுக்கு? மலையெல்லாம் ஏறிட்டு வந்திருக்கா."

வெளியே நாதஸ்வரக்காரர்கள் சுருதி பார்க்கத் தொடங்கினார்கள். அவள் புடவையை உதறி என் கையில் கொடுத்தாள். நான் அதைக் கழுகு மேலே வரும்படி மடித்து வைத்தேன்.