மருமகள் ஓகே கொடுக்காத வேலை

என் மருமகள் ஓகே கொடுத்தால்தான் அவள் கம்பெனியில் செய்கிற வேலை வெளியே போகும். அதுதான் அவளுக்கு உத்தியோகம். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் செய்து தருவதைத் தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பாள். வெளியே போன பிறகு உடைந்தால், எல்லோரையும் கூட்டிவைத்து ஏன் உடைந்தது என்று கேட்பவளும் இவள்தான். நான் அஞ்சாவதோடு நின்றவள். காதில் விழுந்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் வீடு செங்கம் சாலைப் பக்கம். மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே மருமகள் வேலை செய்கிற அறைக்குப் பக்கத்து அறை என்னுடையது. படுத்தால் ஜன்னலில் மலை. கார்த்திகை தீபம் நெருங்கும்போது மகன் அந்த அறையையும் வாடகைக்குக் கேட்டான்.

"ஒரு அம்மா மூணு மாசம் தங்கணும்னு கேக்கறாங்க. நீ ஹால்ல படுத்துக்கயேம்மா. அந்த ரூம்ல என்ன ஆபீஸா நடத்தற?"

எனக்கு எதிரே நின்று பேச வராது. சிரித்து வைத்தேன். இந்த வீட்டில் நான் சிரித்தால் சரி என்று அர்த்தம்.

மறுநாள் காலை மருமகளுக்கு மோர் கொண்டுபோனேன். பஸ் டிக்கெட் எடுக்கிற ஆப் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒரே சீட்டு இரண்டு பேருக்கும் போய்விடுகிறதாம். கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆண் குரல் கெஞ்சியது.

"எப்பவோ ஒரு தடவைதாங்க அப்படி ஆவுது. இன்னிக்கு விட்டுடலாம், அப்புறம் பாத்துக்கலாம்."

"பௌர்ணமி கிரிவலத்துக்கு எங்க ஊரு பஸ் ஸ்டாண்டைப் பாத்திருக்கீங்களா? ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் வந்து நின்னா கண்டக்டரா பதில் சொல்லுவாரு? போன தடவையும் அப்புறம்னுதான் சொன்னீங்க. நான் ஓகே குடுக்க மாட்டேங்க."

 பிறகு வயசான ஒரு குரல், "சரிம்மா, நிறுத்திடலாம்" என்றது. அவ்வளவுதான். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. மோரைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் கெட்டவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவள், அதனால் எரிச்சல் இன்னும் ஜாஸ்தி.

போன மாதம் ஏதோ உடைந்து கூட்டம் போட்டபோது ஒருத்தன் இன்னொருத்தன் பேரை இழுத்தான். "யாருன்னு வேணாங்க, ஏன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கே எனக்குப் பொறுக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் மாடு உதைத்தாலும் யார் என்றுதான் கேட்பார்கள். யார் என்றால் நான்தான். ஏன் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இவளுக்கு அதைக் கேட்பதற்கே சம்பளம்.

மோர் கொடுத்த அன்றே மத்தியானம் கட்டிலைப் பிரித்து எடுக்க மகன் ஒரு ஆளோடு வந்தான். காலையில் கேட்டது என் காதிலேயே இருந்தது. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் ஓகே குடுக்க மாட்டேன்டா."

பாதிக் குரல்தான் வந்தது. மகன் சிரித்துவிட்டான்.

"யாரு, நீயா? மேனேஜரம்மா, கொஞ்சம் தள்ளுங்க, கட்டை கால்ல விழுந்துடப் போவுது."

வந்த ஆளும் சிரித்தான்.  ஆனாலும் நான் நகரவில்லை.

மருமகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை என்ன சொன்னாங்க?"

"ரூம் குடுக்க மாட்டாங்களாம்" என்றான், இன்னும் சிரித்தபடி.

"அப்ப வேணாங்க. அந்தம்மாவுக்கு வேற இடம் பாத்துக் குடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

அறை எனக்கே இருக்கிறது. இப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அன்று அவள் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் நான் தனியாகவே எதிர்த்து நின்றிருப்பேன்.