கோப்பையின் அடிக்கட்டை

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பிளீச்சக்கா என்று பெயர். பதினெட்டு வருஷமாக அழுக்குத் துணி வந்து விழும் பக்கத்தில்தான் வேலை. ரத்தமோ சீழோ வாந்தியோ, எதுவானாலும் முகம் சுளிக்காமல் பிரிப்பாள். கறை பட்டதைத் தனி டிரம்மில் போட்டு, பிளீச் கலந்த தண்ணீரை ஊற்றி மூடிவிடுவாள். அரை மணி நேரம் ஊற வேண்டும். அதற்குள் எவனாவது மூடியில் கை வைத்தால் அவன் அன்றைக்குத் தொலைந்தான். மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் அவளுடைய தோழி சொல்வாள்: "அக்காவை விட்டா டாக்டரையே முக்கி எடுத்து உலர்த்திடும்."

வீட்டில் அவளும் மகளும்தான். புருஷன் இருந்தான், வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, பேச நேரமும் இல்லை.

மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து அறிவியல் மன்றத்தில் சேர்ந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் எரிமலையும் ராக்கெட்டும் செய்துகொண்டிருந்தபோது இவள் அம்மாவிடம் கேட்டது ஐந்து பாட்டில் அழுக்குத் தண்ணீர். சலவைப் பிரிவில் ஒவ்வொரு விரிப்பையும் ஐந்து தடவை அலசுவார்கள். ஏன் ஐந்து என்று யாருக்கும் தெரியாது, முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், அவ்வளவுதான். இவள் ஒவ்வொரு அலசுத் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் வாங்கிப்போய் நாலு மாதம் சோதித்தாள். மூன்றாவது அலசுக்குப் பிறகு வரும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான் என்று அட்டையில் கோடு போட்டுக் காட்டினாள். பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் முதல் பரிசு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மூணு அலசு' என்று பட்டப்பெயர் விழுந்தது. சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் முதலில் உதட்டைப் பிதுக்கினார், பிறகு இரண்டு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் எந்திரத்தை மூன்று அலசுக்குத் திருப்பி வைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு பாராட்டு விழா. வினாடி வினா மன்றம், பேச்சு மன்றம், கணித மன்றம் என்று எல்லா மன்றப் பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டுவார்கள். அறிவியல் மன்றத்துக்கு மட்டும் ஒரு சுழற்கோப்பை. வெள்ளி முலாம் பூசியது, முழங்கை உயரம். கீழே மரத்தில் ஓர் அடிக்கட்டை, அதைச் சுற்றிப் பித்தளைத் தகடு, தகட்டில் பதினொரு பேர். ஜெயித்த பிள்ளை அதை ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷ விழாவில் தன் கையால் அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். கோப்பை நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகுதான் தகட்டில் பேர் வெட்டுவார்கள். முன்னொரு தடவை ஒரு குடும்பம் கோப்பையோடு ஊர் மாறிப் போய்விட்டதாம், அன்றிலிருந்து இந்த விதி.

அந்த வருஷம் கோப்பை மகளுக்கு. அது வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அவளுக்குத் தொடையில் வலி. ஓடியாடுகிற வயசு, சுளுக்காக இருக்கும் என்று தைலம் தேய்த்தாள். வலி போகவில்லை, வீங்கியது. படம் எடுத்துப் பார்த்தபோது எலும்புக்குள் கட்டி. அதற்குள் நுரையீரலிலும் புள்ளிகள். டாக்டர் நல்ல மனுஷன், சுற்றி வளைக்காமல் சொன்னார். பிளீச்சக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, ஊசி மருந்து எந்த நாளில், வீட்டில் என்னென்ன வேண்டும் என்று மட்டும் விசாரித்தாள். அழுக்குத் துணிகளையும் அழுத முகங்களையும் பதினெட்டு வருஷமாகப் பார்த்தவள். அழுவதற்கு முன் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்த வேண்டியிருந்தது.

கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் மாத்திரைகள், தண்ணீர்ச் சொம்பு, வாந்திக் கிண்ணம், கோப்பை. மகள் தெர்மாமீட்டரையும் பேனாக்களையும் கோப்பைக்குள் போட்டு வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே கணக்குத்தான்: விழா வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

"சக்கர நாற்காலியில போனாலும் பரவாயில்லம்மா. நானே குடுக்கணும். பன்னெண்டாவது பேரு என் பேரு. அதை வெட்டிட்டாங்கன்னா அப்புறம் என்னவோ ஆகட்டும்."

"என்னவோ ஆகட்டும்னு சொல்ற வாயை மூடிட்டு இந்தக் கஞ்சியைக் குடி," என்றாள் தாய். ஆனால் மறுநாளே ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்தாள். விழாவுக்கு ஒன்பது வாரம் இருந்தது.

ஒரு நாள் காலை, ஊசி மருந்து ஏறிய மூன்றாம் நாள். கிண்ணத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, விரிப்பை உதறப் பின்பக்கம் போயிருந்தாள். உள்ளே மகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது கோப்பைதான். பேனாக்களைக் கொட்டிவிட்டு அதில் வாந்தி எடுத்துவிட்டாள்.

தாய் ஓடி வந்து பார்த்தாள். வீட்டிலிருந்தாலும் கை சலவைப் பிரிவின் கைதானே. மரம் ஊறி உப்பிவிடுமே என்று முதலில் அடிக்கட்டையைத் திருகிக் கழற்றினாள். கோப்பையைக் கழுவி, வாளியில் போட்டு, மூடி மூடியாகப் பிளீச்சை ஊற்றி, மேலே தட்டைப் போட்டு மூடினாள். அரை மணியில் எடுக்க வேண்டியது. இருபதாவது நிமிஷம் மகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் மறுநாள் மத்தியானம்தான் திரும்பினாள்.

மூடியைத் திறந்தால் கோப்பை கரியாகக் கிடந்தது. துடைத்தால் துணியில் கறுப்பு வந்தது. கைப்பிடியில் முலாம் உரிந்து மஞ்சள் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் விரிப்பை அந்தத் தண்ணீரில் முக்கி எடுத்தவள், உலோகத்தை முக்கினால் என்ன ஆகும் என்று ஒரு தரம்கூட நினைத்ததில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் மறைத்தாள். கோப்பை எங்கே என்று மகள் கேட்டபோதெல்லாம் கழுவி உள்ளே வைத்திருக்கிறேன் என்று மென்று முழுங்கினாள். நாலாம் நாள் மகள் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்ல வரலன்னா சொல்லாதம்மா. தொலைஞ்சு போச்சா?"

எடுத்து வந்து மடியில் வைத்தாள். "ஊறப்போட்டுட்டேன்."

மகள் கோப்பையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ரெண்டு மாதத்துக்கு அப்புறம் முதல் சிரிப்பு, இருமல் வந்துதான் நின்றது. "வெள்ளியைப் போய் யாராவது பிளீச்ல போடுவாங்களா? அறிவியல் மன்றத்துக் கோப்பையை? மூணு அலசாவது அலசினியா?"

அன்று சாயங்காலம் முழுக்க மகள் கட்டிலில் இருந்தபடி அதிகாரம் பண்ணினாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு சுற்றி வரும் அலுமினியத் தாளை மடிப்பு மேசைக்காரி கட்டாகக் கொண்டுவந்தாள். பெரிய பாத்திரத்தில் தாளை விரித்து, கொதிக்கும் தண்ணீர், உப்பு, சலவைச் சோடா. கோப்பை தாளைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தொடாத இடம் வெளுக்காது என்றாள். நுரைத்தது. புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். மூன்றாம் தண்ணீரில் ஒரு பக்கம் வெள்ளி திரும்பி வந்தது. மறுபக்கம் முலாமே இல்லை, வெறும் பித்தளை. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அடிக்கட்டை மட்டும் சரியாகச் சேரவில்லை, கோப்பையின் மரை அரித்துப்போயிருந்தது. முட்டுக்கொடுத்தால் நின்றது.

விழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மகள் போய்விட்டாள். கடைசி இரண்டு நாள் மூச்சுத்தான் கஷ்டம். தலையணையை உயர்த்தி, உதட்டை ஈரப்படுத்தி, ரெண்டு மணிக்கு ஒருதரம் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, செய்ய வேண்டியதையெல்லாம் தாய் செய்தாள். முதுகில் ஒரு புண் இல்லாமல் பிள்ளையை அனுப்பினாள். குளிப்பாட்ட வந்த பெண்களே அதைச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிஷம் மௌனம் இருந்தார்கள் என்று மன்றத்துப் பொறுப்பாசிரியர் வந்து சொன்னார். பயந்த சுபாவக்காரர், எல்லோரும் அவரை மன்ற சார் என்பார்கள். விழா நாளில் கோப்பையை அம்மாவே மேடையில் கொடுக்கலாமே என்று அவர்தான் சொன்னார்.

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டாள். கோப்பையை ஒரு தலையணை உறையிலும், அடிக்கட்டையைத் தோள்பையிலும் வைத்துக்கொண்டு ஒன்பதரைக்கே போய்விட்டாள். முற்றத்தில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஜெயித்த பிள்ளைகளின் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். போன வருஷத்துப் பிள்ளைகள் அதில் இல்லை, இந்த வருஷத்துப் பிள்ளைகள்தான்.

மன்ற சார் அவளை மேடைப் பக்கம் அழைத்துப் போகவில்லை. கண்ணைப் பார்க்காமல் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே தலைமையாசிரியை எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஊசி மருந்து நாட்களில் ஒருமுறை வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலில் உட்கார்ந்து பேசியவர்தான்.

"இது பிள்ளைங்களுக்குச் சந்தோஷமான நாளும்மா. உங்களை மேடையில பார்த்தா எல்லாருக்கும் அவ ஞாபகம் வந்துடும். அழுதிடுவாங்க. கோப்பையை இங்கேயே கிளார்க்கிட்ட குடுத்துடுங்களேன்."

"ஞாபகம் வரட்டுமே," என்றாள். தலைமையாசிரியை அவள் கையை விட்டார். வெளியே மைக் சோதிக்கிற சத்தம் கேட்டு அவசரமாகப் போய்விட்டார்.

கிளார்க் ரிஜிஸ்தரை விரித்தார். ஒப்படைத்தவர், தேதி, கையெழுத்து, கடைசியில் 'பொருளின் நிலை'. கோப்பையை உறையிலிருந்து எடுத்துச் சுற்றிப் பார்த்தவர், பித்தளைப் பக்கம் வந்ததும் நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மகள் இதில் வாந்தி எடுத்தாள், நான் பிளீச்சில் ஊறப்போட்டேன் என்று அவள் உள்ளதைச் சொன்னாள். கிளார்க் சட்டென்று கையை எடுத்தார், பிறகு வெட்கப்பட்டு மறுபடி கோப்பையைத் தொட்டார். 'சேதம்' என்று எழுதினார்.

"எழுதிக்குங்க. பேரு எப்ப வெட்டுவீங்க?"

அவர் ரிஜிஸ்தரின் அட்டைக்குள் ஒட்டியிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். நல்ல நிலையில் திரும்பினால்தான் பேர். சேதம் என்றால் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டதற்கு அவர் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார். மன்ற சார் கதவோரம் நின்று சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. அவ ஜெயிச்சாளா இல்லையா?"

"ஜெயிச்சாம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா விதின்னு ஒண்ணு..."

"கெடுத்தது நான். பேரு அவளுது."

மேடையில் பேச்சு மன்றத்துப் பிள்ளைகளின் பேரை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள், கைதட்டல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கிளார்க் அடிக்கட்டை எங்கே என்று கேட்டார். அது தோள்பையில், அவள் இடுப்போரம் இருந்தது. கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். பைக்குள் கையை விட்டவள், தகட்டில் பதினோராவது பேருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள். கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"அது என்கிட்ட இருக்கட்டும். பேரை வெட்டுறோம்னு சொல்லுங்க, தரேன்."

கிளார்க் அசடு வழிந்தார். கட்டை இல்லாமல் கோப்பை நிற்காதே என்றார். நிற்காதுதான் என்று சொல்லிவிட்டு, ரிஜிஸ்தரில் தன் கையெழுத்துக்கு மேலே 'கட்டை நீங்கலாக' என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அவளுடைய தோளிலிருந்து பையைப் பிடுங்க அங்கே யாருக்கும் துணிவில்லை.

கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். அறிவியல் மன்றத்தின் முறை வந்தது. இந்த வருஷம் ஜெயித்தவள் ஒல்லியான ஒரு பெண், கண்ணாடி போட்டவள். மன்ற சார் வெள்ளிப் பக்கம் கூட்டத்தைப் பார்க்கும்படி பிடித்து அவளிடம் கோப்பையை நீட்டினார். போன வருஷம் வாங்கியவளின் பேரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் சான்றிதழ் வாங்குவதற்காகக் கோப்பையை மேசையில் வைத்தாள். அது சாய்ந்து, உருண்டு, மைக்கில் இடித்து, பித்தளைப் பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் பதறி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சான்றிதழை வாங்கினாள். தலைமையாசிரியை நிமிர்ந்து கடைசி வரிசையைத் தேடினார். பிளீச்சக்கா பார்வையைத் திருப்பவில்லை. அவர்தான் திருப்பிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சலவைப் பிரிவில் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மன்ற சார் ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கமிட்டி பரிசீலிக்கும் என்றார், கட்டையைக் கொடுத்தால் காரியம் சுலபமாகும் என்றார். வெட்டுகிற ஆளை இங்கே கூட்டி வாருங்கள், நான் கட்டையைப் பிடித்துக்கொள்கிறேன், கால் மணி நேர வேலை என்றாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். கமிட்டி கூடவில்லை. அடுத்த வருஷம் புதுக் கோப்பை வாங்கிவிட்டார்கள், பிளாஸ்டிக் அடி வைத்தது, பழைய பேர்கள் எதுவும் இல்லாதது.

பஸ் நிலையத்தில் பேர் வெட்டுகிறவன் இருக்கிறான், நானே வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று மடிப்பு மேசைக்காரி பல தடவை சொல்லிவிட்டாள்.

"நான் வெட்டினா அது நான் வெட்டினது," என்பாள் பிளீச்சக்கா. "அவங்க வெட்டினாத்தான் அவ ஜெயிச்சது."

முக்காலியில் இப்போது மாத்திரைகள் இல்லை. அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. உலர்ந்த துணியால் துடைப்பாள், ஈரம் படவிட மாட்டாள். விழா நெருங்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் போன் வருகிறது. கிளார்க்குகள் மாறிவிட்டார்கள், ரிஜிஸ்தர் மாறவில்லை. பொருள் கணக்கில் ஒரு கட்டை குறைகிறதாம். அவள் கோபப்படுவதில்லை. எந்திரம் மூன்றாவது அலசை முடித்து நிற்கும்வரை பொறுத்து, அந்த அமைதியில் பதில் சொல்வாள்.

"நாலு மணிக்கு மேல வீட்லதான் இருப்பேன். வெட்டுற ஆளோட வாங்க."