சாமியறைச் சுவிச்

சோனகதெரு யாக்கூபுக்கு நான் பதினாலாயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு சித்திரை மாதம் அவருடைய இரும்புக் கடையில் எண்பது மூடை சீமெந்தும் கட்டடக் கல் வார்த்து எடுக்கும் கல்லரியும் மெசின் ஒன்றும் எடுத்தேன். அவர் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. "உங்கடை முகமே காணும், நமசிவாயத்தார்" என்று சொல்லி லொறியில் ஏற்றிவிட்டார்.

அந்த ஐப்பசியில்தான் முஸ்லிம் ஆட்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லிப் புலிகள் இயக்கம் அறிவித்தது. கொக்குவிலில் நான் அரிந்து வைத்த கல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவன் செய்தி சொன்னான். "ஐயோ" என்றேன். ஆனால் அந்த ஐயோவுக்கு முதல் மனதுக்குள் வந்தது வேறு. யாக்கூபும் போறார், கடன் போச்சு என்றுதான் நினைத்தேன். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் எல்லாம் பொய்யாகிவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஸ்டேசனடியில் இருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் நான் அரிந்த கல்லில் கட்டிய மதிலைத் தொடாமல் நடக்க முடியாது. இரண்டு பிள்ளைகளை நோர்வேக்கு அனுப்பினேன். என் வீட்டை நானே கட்டினேன், வயரிங்கும் நானே செய்தேன். எந்தச் சுவிச்சில் எது எரியும் என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஒருவனுக்கும் ஒரு சதம் பாக்கி இல்லாத ஆள் என்று ஊர் சொல்லும். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இதெல்லாம் என் கதை. நான் எழுத வந்தது றம்ஸீனைப் பற்றி.

கொம்பியூட்டர் இணைப்பு நின்றுபோனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவது அவனைத்தான். புத்தளத்தில் அகதி முகாமில் ஒரு கிடுகுக் கொட்டிலில் பிறந்தவன். தகப்பன் உப்பளத்தில் மூடை தூக்கி வளர்த்திருக்கிறார். ஒரு கொம்பியூட்டர் கடையில் கூட்டித் துடைக்கப் போய், பார்த்துப் பார்த்தே வேலை பிடித்தவன். பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்காததைக் கையால் பிடித்தவர்களை எனக்குப் பிடிக்கும். சண்டை முடிந்து சில வருடத்தால் சோனகதெருவுக்கு வந்து, கூரை இல்லாத பரம்பரை வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டு இருந்தான். மனைவி ஜிஹானாவும் பிள்ளைகளும் புத்தளத்தில், அவனுடைய தாயோடும் நோயாளித் தகப்பனோடும். ஏணியில் இருந்து விழுந்து உடைகிறது என்று பட்டன் போன்தான் வைத்திருந்தான். யாருடைய மகன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சோனகதெரு ஆட்களிடம் அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

அவனிடம் இரண்டு பழக்கம் இருந்தது. கொம்பியூட்டரைத் தொட முதல், ரோட்டு லைற்போஸ்ற்றில் இருந்து வீடு வரைக்கும் வயரோடு நடந்து பார்ப்பான். வேலை முடிந்ததும், இணைப்பு உறுதிதானா என்று பார்க்க, அந்த வீட்டுக் கொம்பியூட்டரில் இருந்தே தகப்பனுக்கு வீடியோக் கோல் எடுப்பான். ஒரு செலவில் இரண்டு வேலை. கிழவர் படுக்கையில் கிடந்தபடி, இது எந்த ஒழுங்கை, அங்கே நின்ற மாமரம் நிற்கிறதா என்று கேட்பாராம். திரும்பி வர உடம்பு விடாத மனிதருக்கு மகன் இப்படி வீடு வீடாக யாழ்ப்பாணத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

போன மாசியில் ஒரு புதன்கிழமை காலை எங்கள் வீட்டில் இணைப்பு நின்றது. என் மனைவி செல்வநாயகி நல்லூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களிடம் ஸ்மார்ட் போன் கிடையாது. பேரப்பிள்ளைகளை அவள் பார்ப்பது கொம்பியூட்டரில்தான், ஆகவே பின்னேரத்துக்குள் சரிவர வேண்டும். றம்ஸீனைக் கூப்பிட்டேன்.

என் வீட்டில் வைஃபை பின் அறைக்கு வராது. மூன்று சுவர், நான் அரிந்த கல், ஒன்பது அங்குலம். "உது கோட்டைச் சுவர் ஐயா" என்று கொம்பனிக்காரனே சொன்னவன். அதனால் முன் ஹோல் பெட்டியில் இருந்து சீலிங்குக்கு மேலால் வயர் போகிறது. நடுவில் வயர்களைப் பொருத்த ஒரு சின்னப் பெட்டி. அதற்கு வேண்டிய கரண்டை நான் சாமியறை லைனில் இருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். சாமியறைச் சின்ன லைற் இரவு பகலாக எரியும், ஆகவே பெட்டிக்கும் கரண்ட் நிற்காது.

றம்ஸீன் வயரோடு நடந்தான், சீலிங்குக்குள் ஏறினான், அரைமணித்தியாலத்தில் இறங்கினான்.

"அணில் கடிச்சிருக்கு ஐயா. உங்கடை கல்லைக் கடிக்க ஏலாமல் வயரைக் கடிச்சிட்டுது."

இருவரும் சிரித்தோம். இணைப்பு வந்தது. அவன் வழக்கம்போலப் புத்தளத்துக்கு எடுத்தான். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். திரையில் எலும்பும் தோலுமாக ஒரு முகம்.

"எந்த இடம் மகன்?"

"கொக்குவில் வாப்பா, ஸ்டேசனடி."

"கொக்குவிலிலை கல்லரியிற நமசிவாயத்தார் எண்டு ஒராள் இருந்தவர். மௌத்தாப் போனாரோ தெரியாது."

அப்போதுதான் எனக்குக் குரல் பிடிபட்டது. யாக்கூப்.

"அவரின்ரை வீட்டிலைதான் வாப்பா நிக்கிறன்!" றம்ஸீன் கதிரையில் இருந்து துள்ளி எழும்பாத குறை.

"அல்லாஹ்! கூப்பிடு மகன், அவரின்ரை முகத்தைக் காட்டு. ஒரு கணக்கு இருக்கு. என்ரை கண் மூட முதல் அவருக்கு நேரை சொல்லோணும்."

சாமியறை இரண்டு எட்டில் இருந்தது. நான் உள்ளே கை விட்டுச் சுவிச்சைத் தட்டினேன். திரையில் யாக்கூபின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது. பிறகு அதுவும் போனது.

முப்பது வருடத்துக்கு மேல் ஊரில் நிமிர்ந்து நடந்தவன் நான். மகன் வயதுக்காரன் ஒருவனுக்கு முன்னால் கடன்காரனாக நிற்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலம் அவன் பட்ட பாட்டை நான் கதிரையில் இருந்து பார்த்தேன். கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டான். முன் பெட்டியைப் பார்த்தான், லைற் எல்லாம் சரி. வயர் முனையை வெட்டிப் புது முனை போட்டான். கொம்பனிக்கு எடுத்தான், லைனில் பிழை இல்லை என்றார்கள். தான் போட்ட பொருத்துத்தான் பிழைத்தது என்று நினைத்து, மாசி வெயிலில் கொதித்துக் கிடந்த சீலிங்குக்குள் மறுபடி ஏறினான். இறங்கும்போது தலை முழுக்க ஒட்டறை, சேர்ட் பிழியலாம்.

"என்ரை பொருத்துச் சரி ஐயா. நடுப்பெட்டிக்குக் கரண்ட் வரேல்லை. உந்தக் கரண்ட் வயர் சாமியறைச் சுவருக்குள்ளை இறங்குது. உள்ளுக்கை ஏதும் சுவிச் இருக்கோ?"

கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஒரு முழம் இப்பால் நின்றுவிட்டான். எங்கள் சாமியறைக்குள் அவன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான், அது அவன் மரியாதை. எனக்கு அது தெரியும்.

"இல்லைத் தம்பி. விளக்கு மட்டும்தான்."

அவன் நம்பினான்.

"அப்ப கொம்பியூட்டரைத் தூக்கி முன்னுக்குக் கொண்டுபோய்க் குத்திப் பாப்பமோ? வாப்பா பாத்துக்கொண்டிருப்பார். ரெண்டு நிமிசம் காணும்."

"அதை அசைக்காதை. மகன் வாங்கித் தந்தது."

பட்டன் போன் அடித்தது. அவன் கேட்டுவிட்டு அதை என் பக்கம் நீட்டினான். "வாப்பா. முகம் பாக்க ஏலாட்டி இதிலையாவது கதைக்கட்டாம்."

"நாளைக்கு லைன் வரட்டும். ஆறுதலாக் கதைப்பம் எண்டு சொல்லு."

கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. "வேலை முடியேல்லையே ஐயா" என்றான்.

அடுத்த நாள் காலை அவன் போன் எடுத்தான். "புதுசாக் கரண்ட் இழுக்க வாறன் ஐயா. வாப்பா விடுறார் இல்லை, நமசிவாயத்தார் எங்கை எண்டு அதே கேள்வி."

"எனக்குச் சுகமில்லைத் தம்பி. நானே சொல்லுறன்."

மூன்று நாள் அதையே சொன்னேன். நாலாம் நாள் அவனிடம் இருந்து போன் வரவில்லை. வாப்பா போய்விட்டார், அவன் புத்தளத்துக்குப் பஸ் ஏறிவிட்டான் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கேற்றடியில் அவனுடைய சைக்கிள் நின்றது. முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. சேர்ட் பையில் இருந்து மடித்த கொப்பித் தாள் ஒன்றை எடுத்தான்.

"வாப்பா குடுக்கவேண்டிய ஆக்கள். ஏழு பேர். இதைக் குடுத்து முடிச்சால்தான் அவருக்கு ஆறுதல் எண்டு உம்மா அனுப்பினவ. மற்ற ஆறு பேரின்ரையும் குடுத்திட்டன். அவையளிலை நாலு பேர் மௌத்து, பிள்ளையளிட்டைக் குடுத்தன். ஏழாவது நீங்கள். தண்ணிப் பம்புக்கு அட்வான்ஸ் ஆயிரத்து ஐந்நூறு."

ஓம், கொடுத்திருந்தேன். கொழும்பில் இருந்து பழைய பம்ப் ஒன்று எடுப்பித்துத் தரச் சொல்லி. நானே மறந்துபோன காசு.

"அண்டைக்கு அந்தக் காசு அரைப் பம்ப் விலையாம். இண்டைக்கு அரைப் பம்ப் என்ன விலை எண்டு கடையிலை விசாரிச்சனான். இருபத்திரண்டாயிரம்."

"தம்பி," என்றேன். "வாப்பாவுக்கு வரவேண்டிய காசு... அதை எழுதி வைக்கேல்லையோ?"

"கேட்டனாங்கள் ஐயா. அதெல்லாம் கடையோடை விட்டிட்டு வந்திட்டன், இப்ப கடையே இல்லை எண்டிட்டார்."

நான் வாயைத் திறக்கவேண்டிய இடம் அதுதான். பதினாலாயிரத்து எண்ணூறு என்ற அந்த இரண்டு சொல் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் செல்வநாயகி தேத்தண்ணியோடு வந்தாள்.

"பாவம், அண்டைக்கு வெயிலுக்குள்ளை கிடந்து கஷ்டப்பட்டனீராம் தம்பி. பின்னேரம் நான் வந்து பாக்க சாமியறை லைற் நூந்து கிடந்தது. சுவிச்சைப் போட்டன், உடனை கொம்பியூட்டரும் வந்திட்டுது. என்ன மாயமோ!"

றம்ஸீன் தேத்தண்ணியை வாங்கினான். சாமியறை வாசலைப் பார்த்தான். அங்கிருந்து நான் அன்றைக்குச் சாய்ந்து நின்ற வாசல் நிலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பிடியோ அம்மா" என்றான்.

கோப்பையைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு எழும்பினான். ஏசுவான் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன், எனக்கு அது வரும். அவன் காசை எடுத்தான்.

"கையை நீட்டுங்கோ ஐயா."

செல்வநாயகி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நீட்டினேன். அவன் ஒவ்வொரு தாளாக என் உள்ளங்கையில் வைத்து எண்ணினான். ஐயாயிரம். பத்து. பதினைந்து. இருபது. பிறகு ஆயிரம் ரூபாய்த் தாள் இரண்டு. இருபத்தொன்று. இருபத்திரண்டு.