விரியாத முனை

இன்று காலை மார்க்கம் நகரில் என் வீட்டு டிரைவ்வேயில் ஒரு காட்டு வான்கோழி வந்து நின்றது. வேலைக்கு நேரமாகிவிட்டது, காரை எடுக்க விடவில்லை. ஹோர்ன் அடித்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கழுத்தைச் சொறிந்தது. எனக்கோ மூக்கில் ரப்பரும் மெஷின் எண்ணெயும் மணந்தன.

அது தொண்ணூறுகளில் நான் வேலை செய்த கடையின் மணம். ஸ்காபரோவில் வேட்டைச் சாமான் விற்கிற கடை. வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத வீட்டுப் பெண்ணை வில்லும் அம்பும் விற்கும் கவுண்டரில் நிறுத்தியது யார் விட்ட பகிடியோ தெரியாது. அதுவரை நான் வேட்டையாடியது முருங்கைக்காய் மட்டும்தான். அப்போது டோர்செட் பார்க் பகுதியில் அக்கா, அத்தான் வீட்டில் இருந்தேன். நான் குளித்துவிட்டு வந்த பிறகும் அக்கா என் தலையை மணந்து பார்ப்பாள்.

கடையில் அதிக நேரம் நிற்பவர்கள் வான்கோழிக்கு அம்பு முனை தேடி வருபவர்கள்தான். அந்தப் பறவைக்கு உடம்பெல்லாம் தடித்த இறகு, உயிர் நிற்கும் இடமோ சின்னது. சரியாகப் படாவிட்டால் அம்போடேயே பறந்துபோய் எங்காவது கிடந்து சாகும். அதனால் பலர், பட்டவுடன் உள்ளே பிளேட் விரிகிற முனையைத்தான் வாங்குவார்கள். பெரிய காயம், உடனே விழும். முதலாளி சொல்லித் தந்ததைப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

ஒரு வசந்தகாலம், கவுண்டருக்கு முன்னால் அத்தானே வந்து நின்றார். அவர் பெட்டி செய்யும் ஃபாக்டரியில் வேலை. வேட்டைக்கு வா என்று ஃபோர்மன் கூப்பிட்டிருந்தார். ஆட்குறைப்பு வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்ட நேரம், யார் மாட்டேன் என்று சொல்வது? குளிர்காலம் முழுக்க ஃபோர்மனின் வில்லில் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார். நல்ல கை என்று ஃபோர்மன் மெச்சினாராம். அதைக் கேட்டு அக்கா அழுதாள்.

"நோகாமல் சாகிறதுக்கு எது பிள்ளை நல்லது?" என்று கேட்டார்.

விரிகிற முனையை எடுத்து, பிளேட்டை விரலால் திறந்து காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஊரில் சண்டை நேரம், வெடித்த ஷெல் குண்டின் துண்டு பட்ட தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். தம்பி பிழைக்கவில்லை.

"உது உள்ளை போய் விரியிற சாமானோ? வேண்டாம். மூடு."

"அத்தான், இதிலைதான் கெதியாச் சாகும். சின்னது பட்டால் ஓடிப்போயிடும்."

"ஓடித் தப்பட்டுமே."

"தப்பாது அத்தான். கிடந்து கஷ்டப்படும்."

அவர் காதில் விழவில்லை. சட்டம் விட்ட அளவில் ஆகச் சின்ன முனையைப் பொறுக்கி எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. எந்தப் பக்கம் நின்று கதைத்தாலும் நான் சொல்லிக்கொடுப்பது கொல்லத்தானே.

வேட்டைக்குப் போன அன்று அத்தானின் அம்பு பட்டது. பறவை விழவில்லை. அம்போடு எழும்பிச் சேற்றுக்காட்டுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, இதெல்லாம் நடக்கிறதுதான் என்று ஃபோர்மன் காரில் போய் இருந்துவிட்டார். அத்தான் பொழுதுபடும்வரை முழங்கால் சேற்றில் நின்று தேடினார்.

வீட்டுக்கு வந்து, அக்கா போட்ட சோற்றை அளைந்துகொண்டு, "உயிரோடை எங்கையோ கிடக்குது பிள்ளை" என்றார். நீங்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் தண்ணீர் எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். கோடையில் ஃபாக்டரியையே மூடினார்கள். ஃபோர்மனுக்கும் வேலை போனது.

அதன் பிறகு ரோட்டோரம் எங்கே வான்கோழியைக் கண்டாலும் அத்தான் காரை மெதுவாக்குவார். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடித்தாலும் கவலையில்லை. கண்ணாடியை இறக்கி, அதன் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார்.

"அது எப்பவோ செத்திருக்கும் அத்தான்."

"நீ கண்டனியோ?" என்பார். பிறகு பறவையிடம், "உனக்கு ஒண்டுமில்லை, போ" என்பார்.

இப்போது அந்தக் கடையும் இல்லை, அந்த இடத்தில் கொண்டோ மாடிக்கட்டடம் எழும்பியிருக்கிறது. அத்தான் காலமாகி இரண்டு வருடம். இன்று காலை ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு, காரிலிருந்து இறங்கி, அந்த வான்கோழியின் இரண்டு பக்கத்தையும் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அது போகும்வரை நின்றேன்.