மூன்று கல்லா, நான்கு கல்லா

சந்தேகம் என் கூடவே பிறந்தது. வெள்ளரிப் பிஞ்சு வாங்கினாலும் ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கொழுந்தன், எதைக் கேட்டாலும் காரணம் சொல்லாமல் சிரிக்கிறவன்.

எங்கள் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போகுமா, மெட்ராஸ் ஸ்டேட்டிலேயே இருக்குமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டாயிற்று. கிணறும் ஆயில் இன்ஜினும் மட்டும் பொது. கொழுந்தன் திடீரென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போய்வர ஆரம்பித்தான். டீக்கடையில் தெலுங்கிலேயே பேசினான். ஸ்டேட் மாறுகிற சந்தடியில் கிணற்றுப் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கணவரிடம் சொன்னால், "உனுக்கு வேற வேல இல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

வேர்க்கடலை பூவெடுத்திருந்த சமயத்தில், இன்ஜின் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. குழாயின் அடிமுனை வால்வில் ஏதோ அடைத்திருந்தது. முங்கித்தான் எடுக்க வேண்டும். முங்குகிறவர் இடுப்பில், வெல்லம் நிறுக்கும் எடைக்கற்களைத் துணியில் சுற்றிக் கட்டுவார்கள். பாரம் குறைந்தால் நெஞ்சிலிருக்கும் மூச்சே ஆளை மேலே தள்ளிவிடும். கூடிப்போனால் மேலே வரவே முடியாது. பொதுக் கிணற்றுக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டுக்காரர் இறங்கினால், கல் கட்டுவதும் கயிறு பிடிப்பதும் மறுவீட்டுக்காரர். யாரும் தனியாக இறங்கி எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. அன்று இறங்கும் முறை எங்கள் வீட்டுக்கு. அதாவது, என் கணவரின் உயிர் கொழுந்தன் கையில்.

அவன் நான்கு கற்களையும் அவர் வயிற்றுப் பக்கமாகவே கட்டினான்.

"இன்னாத்துக்கு எல்லாத்தையும் முன்னாடியே கட்ற?" என்றேன்.

"குனிஞ்சிக்கினு வேல செய்யணும் அண்ணி. பின்னாடி பாரம் இருந்தா ஆள மல்லாத்திடும்."

பதில் தயாராக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. "அப்டீன்னா அதே கல்லக் கட்டிக்கினு நீ எறங்கு. அவுரு வாணாம்."

என் கணவர் அவமானத்தில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கொழுந்தனும் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, அண்ணன் இடுப்பிலிருந்ததை அவிழ்த்துத் தானே தன் வயிற்றில் கட்டிக்கொண்டான். கட்டும்போது ஒரு கல்லை எடுத்துப் படியில் வைத்தான்.

"பாத்தியா! உனக்குன்னா மூணு, அவுருக்குன்னா நாலா?"

"அண்ணனுக்குச் சதை ஜாஸ்தி, மெதக்கும். நான் எலும்பு. நாலு கட்னா அடியிலேயே பூடுவேன்."

என் கணவரின் தொந்தியைப் பார்த்தேன். மறுத்துப் பேச வழியில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

கயிற்றுக்காக என் கணவர் கை நீட்டினார். கொழுந்தன் அவரைத் தாண்டி வந்து என்னிடம் கொடுத்தான். "நீங்க புடிங்க அண்ணி. அண்ணன யார்னா கூப்ட்டா திரும்பிப் பாப்பாரு. நீங்க எம்மேலேர்ந்து கண்ண எடுக்க மாட்டீங்க. கயித்தச் சுண்டினா இழுங்க."

சொல்லிவிட்டு முங்கிவிட்டான். சுருக்கென்றது எனக்கு.

கயிறு கொஞ்ச நேரம் அசைந்தது. குமிழிகள் வந்தன. பிறகு குமிழியும் இல்லை, அசைவும் இல்லை. மூன்று கல்லும் அதிகமோ? முடிச்சு இறுகிவிட்டதோ? பட்டாவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவனுடைய பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. அவன் சுண்டவில்லை. நான் இழுத்துவிட்டேன், கை எரிய எரிய.

இருமிக்கொண்டே மேலே வந்தான். கையில் ஒரு பிடி பாசி. "நான் சுண்டவே இல்லியே! பாதிதானே எடுத்தேன், ஏன் இழுத்தீங்க?"

"செத்துட்டியோன்னு நெனச்சேன்டா!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் முன்னால் அழுகிறோமே என்று ஆத்திரமாகவும் வந்தது.

அவன் படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். மறுபடி முங்கப் போகும்போது என் கையைப் பார்த்துச் சொன்னான்.

"அழுவாதீங்க அண்ணி. கயிறு ஆடுது."