சந்திரனில் இறங்கிய நாள்

கனகராயன்குளத்துப் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் படிப்பித்தேன். அன்றைய திகதியில் உலகில் நடந்த பெரிய விடயம் ஒன்றைக் காலையில் கரும்பலகையில் எழுதிவைப்பது என் வழக்கம். யூலை இருபதென்றால், மனிதன் சந்திரனில் இறங்கிய நாள்.

எங்கள் ஒரே மகள் இறந்ததும் ஒரு யூலை இருபதில்தான். சண்டைக்கு இடம்பெயர்ந்திருந்த ஓலைக் கொட்டிலில், காய்ச்சலில். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான் சைவன், திதி பார்ப்பவன். மகளுக்கு ஆடித் தேய்பிறைத் திரிதியை. அது வருடத்துக்கு வருடம் வேறு திகதியில் வரும். மனைவியோ முல்லைத்தீவுக் கரையின் வேதக்காரக் குடும்பம். அவருக்கு யூலை இருபதுதான் நாள். ஊர் திரும்பியதிலிருந்து, அன்று தன் ஊர்த் தேவாலயத்தில் மகளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கத் தனியே பஸ் ஏறுவார்.

"திகதியைப் பாத்தோ ஆத்துமா வரும்?" என்று ஒருமுறை நக்கலாகக் கேட்டேன்.

"சந்திரனுக்குப் போனதுக்குத் திகதி வேணும், பெத்த பிள்ளைக்கு வேண்டாமோ?"

எனக்குக் கோபம் வந்தது. "உம்மட நாளை நீர் பாரும், என்ர நாளை நான் பாக்கிறன்" என்றேன். பிறகு ஒரு வருடமும் நான் அவருடன் போகவில்லை. ஆனால் என் திதிக்கு, மீன் காய்ச்சும் மச்சச் சட்டியை ஒதுக்கிவைத்து, தலைமுழுகி, மகளுக்குப் பிடித்த மோதகம் அவித்தது அவர்தான்.

போன ஆடியில் திதியன்று நான் வவுனியா ஆசுப்பத்திரியில் கிடந்தேன். வீடு திரும்பியபோது மகளின் படத்தில் வாடிய மாலை.

"கலண்டரில திரிதியையைப் பாத்துப் படைச்சனான். உங்கட தேவாரம் தெரியாது, எங்கட செபத்தைத்தான் சொன்னனான். பிழையோ?"

"இல்லையப்பா" என்றேன்.

இந்த யூலை இருபதில் நானும் அவருடன் மாங்குளத்தில் பஸ் மாறினேன். தேவாலய வாசலில் தயங்கினேன்.

"செருப்பைக் கழட்டுங்கோ வாத்தியார், இதுவும் கோயில்தான்."

பூசை தொடங்குமுன் சுவாமியார் மகளின் பெயரை வாசித்தார். அடுத்து, ஒப்புக்கொடுப்பவர்களின் பெயர்கள். முதலில் என் பெயர், பிறகு மனைவியின் பெயர்.

"நான் வாறனெண்டு முதலே சொல்லி வைச்சனீரோ?" மெல்லக் கேட்டேன்.

"ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தான் எழுதிக் குடுக்கிறனான். நீங்கள்தானே தகப்பன்."

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். என் கால்கள் மடங்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசை முடியும்வரை அவர் அந்தத் தோளை அசைக்கவேயில்லை.