பேசக் கூடாத வழக்கு

வேலை போனவர்கள், வேலையில் அடிபட்டவர்கள், மட்டமான பொருளை வாங்கி ஏமாந்தவர்கள், இவர்களுக்காகவே இருபத்திரண்டு வருடம் வாதாடியவர் அந்த வக்கீலம்மா. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'விடாக்கண்டி'. அதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

ஒரு சமயம், சலவை ஆலைத் தொழிலாளி ஒருவரின் வலது கை துணி அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி வெந்துபோனது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மேற்பார்வையாளர்தான் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார். வழக்கு ஜெயிக்கும் நிலையில் ஆலை இறங்கி வந்தது. இழப்பீடு, சிகிச்சை, உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாம் தருவார்கள். ஆனால் நடந்ததைப் பற்றி அவரோ வக்கீலோ வெளியில் மூச்சுவிடக் கூடாது.

"தீர்ப்பு வரைக்கும் போயிடலாம். இதுல கையெழுத்துப் போட்டா என் வாயையும் சேர்த்துக் கட்டிடுவாங்க," என்றார் வக்கீலம்மா.

தொழிலாளியின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "தீர்ப்பு வர்றதுக்குள்ள நாங்க என்ன ஆவோம்னு யோசிச்சீங்களா மேடம்?"

கையெழுத்தானது.

எட்டு மாதம் கழித்து, அதே ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் கட்டுப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்தாள். "என் கவனக்குறைவுதானாம். இத்தனை வருஷத்துல யாருக்குமே இப்படி ஆனதில்லையாம். நிஜமா மேடம்?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "இந்த வழக்கை நான் எடுக்க முடியாதும்மா. ஏன்னு கேக்காத." நம்பிக்கையான வேறொரு வக்கீலிடம் அனுப்பினார். "ஆலையோட விபத்துப் பதிவேட்டை முதல்ல கேக்கச் சொல்லு. எந்த வழக்குலயும் கேக்கறதுதான்."

பதிவேட்டில் பழைய தொழிலாளியின் பெயர் இருந்தது. எதிரே, 'கை வழுக்கியது' என்ற இரண்டே சொற்கள். நீதிமன்றம் அவரைச் சாட்சிக்கு அழைத்தது. அழைத்தால் பேசலாம், ஒப்பந்தம் அதைத் தடுக்காது. வக்கீலம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"தடுப்பு இருந்ததா, இல்லையா?" என்று கேட்டார் அந்தப் பெண்ணின் வக்கீல்.

தொழிலாளி தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "சரியா ஞாபகம் இல்லைங்க."

அந்தப் பெண் தோற்றாள். வராந்தாவில் பழைய தொழிலாளி வக்கீலம்மாவைக் கண்டதும் நின்றார். "அந்த வேலையை விட்டா எனக்கு யாருங்க வேலை தருவாங்க?"

இப்போதெல்லாம் வாய்ப்பூட்டுப் போடும் ஒப்பந்தத்தை ஏற்க மாட்டேன் என்று வழக்கோடு வருகிறவர்களிடம் வக்கீலம்மா முதல் நாளே சொல்லிவிடுகிறார். சிலர் அப்போதே எழுந்து போகிறார்கள். அவர்கள் செய்வது தப்பு என்று அவருக்குத் தோன்றுவதில்லை.